பாட்டிலில் ஒட்டிய அம்பு

சட்டைத் தொழிற்சாலையில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. தைத்து முடித்த சட்டைகள் கட்டுக்கட்டாக என் மேசைக்கு வரும். காலர், கைப்பட்டி, பட்டன் துளை, பக்கத் தையல் என்று வரிசையாகக் கண்ணை ஓட்டுவேன். விட்டுப்போன தையலோ, எண்ணெய்க் கறையோ, உடலுக்கும் கைக்கும் நிற ஷேடு மாறிய துணியோ, எதுவானாலும் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுவேன். குறையைக் காட்டினால் போதும், யார் செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஏழு வருஷத்தில் ஒரு கோணல் தையலைப் பார்த்தாலே இது எந்த மெஷின், எந்தக் கை என்று தெரிந்துவிடும். அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார்.

"உன் பிள்ளையப் பாத்துக்கிற அம்மா ஆபீசுக்கு போன் பண்ணாங்க. பாப்பாவுக்கு வயித்தால போகுதாம். நாலு தடவையாம்."

என் மகளுக்குப் பதினாலு மாதம். பிறந்தபோதே கன்னமும் தொடையுமாக இருந்ததால் 'உருண்டை' என்று அவள் அப்பா வைத்த பேர் நிலைத்துவிட்டது. நான் வேலைக்குப் போகும் நேரம் அவளைக் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள். மூன்றாம் மாடி டீச்சரின் இரண்டு வயதுப் பையனும் அங்கேதான். அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. தனி ஆள், குறைவாகப் பேசுவாள். குறைவாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண். பேசுகிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் உளறிவிடுவார்கள். இவர்கள் மாட்டவே மாட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். என் முன்னாலேயே ஒரு தடவை போனாள். தண்ணீராக, லேசான பச்சையில். டயப்பரைச் சுருட்டிவிட்டு அக்கா சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். எவ்வளவு நேரம் கழுவுகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பது அவளுக்கும் தெரிந்தது.

"என்ன குடுத்தீங்க அக்கா?"

"தினம் குடுக்கறதுதான்மா. மசிச்ச சோறு, வாழைப்பழம், தண்ணி."

"தண்ணி கொதிக்க வெச்சதா?"

"எப்பவும் கொதிக்க வெச்சதுதான்."

அந்த 'எப்பவும்' என் காதில் தடுக்கியது. குழந்தையோடு மருந்துக்கடைக்குப் போய் உப்புச் சர்க்கரைப் பொடி கேட்டேன். ஆரஞ்சு வாசனையோடு பத்துப் பாக்கெட் கொடுத்தார்கள். அன்று எல்லாவற்றையும் முறையாகவே செய்தேன். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரை அளந்து, முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கி, கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். நடுநடுவே தாய்ப்பாலும் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குள் இன்னும் மூன்று தடவை.

என் புத்தி கோணியது அங்கேதான். மருந்து கொடுத்தும் நிற்கவில்லை என்றால் ஒன்று மருந்து போலி, அல்லது போதவில்லை. ஒரு லிட்டர் என்பது பெரிய ஆளுக்கு எழுதியதாக இருக்கும் என்று தோன்றியது. இந்தச் சின்ன வயிற்றுக்கு ஒரு லிட்டரை எப்படி இறக்குவது? முக்கால்வாசி மிஞ்சிப் போகிறது. அப்படியென்றால் மருந்திலும் முக்கால்வாசி அவளுக்குள் போகவே இல்லை. கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. ஒரு முழுப் பாக்கெட்டை அவளுடைய பால் பாட்டிலில் கொட்டி, இருநூறு மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். அடர்ந்த ஆரஞ்சு நிறம் வந்தது. இதுதான் மருந்து என்று சொல்லும்படி இருந்தது.

அக்காவிடம் பாட்டிலைக் கொடுத்தேன். "இதையே நாள் பூரா குடுங்க."

மாலையில் குழந்தையை வாங்கும்போது அக்கா வாயைத் திறந்தாள். "பாட்டில்ல நீங்க குடுத்து விட்டது..."

"பாட்டில்ல இருக்கறத அப்படியே குடுங்க அக்கா. அவ்வளவுதான்."

அவள் குழந்தையின் பையை எடுக்கத் திரும்பினாள். சுவரோரம் கட்டிய கொடிக்கயிற்றில் துணி எதுவும் இல்லை. ஒரு முனையில் சிவப்புக் கிளிப்புகள் ஆறு, இன்னொரு முனையில் நீலக் கிளிப்புகள் ஐந்து.

"இது என்ன?"

"சிவப்பு, வயித்தால போனது. நீலம், ஒன்னுக்குப் போனது. எனக்கு எழுத்து வேகமா வராது. கிளிப்ப மாட்டிடுவேன்."

ஆறு சிவப்பு. எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அன்று மாலை என் கணவரிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலேயும் கீழேயும் அனுப்பிவைப்பது தான்தான் என்று சொல்லிக்கொள்வார். பழம் நறுக்கி மகளுக்கு ஒரு துண்டும் தனக்கு ஒரு துண்டுமாக ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா கை சுத்தமில்லைன்னு நெனைக்கிறேன்."

"நீ யார் கைதான் சுத்தம்னு நெனச்ச? கல்யாணத்துல மாலை எடுத்துக் குடுத்தவர் கையையே மொறச்சுப் பாத்தவ நீ."

"சிரிக்காதீங்க. தூங்க வைக்க ஏதாவது குடுக்குறாங்களோன்னு கூட இருக்கு. இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கினாளாம்."

"கொழந்தை மத்தியானம் தூங்கினா அதுக்குப் பேரு குத்தமா?" என்று எழுந்தவர் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் வரவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் எதிலும் சேர்க்கவில்லை. சந்தேகத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டால் மற்ற ஆட்கள் எல்லாரும் கண்ணாடியாகிவிடுகிறார்கள். பார்வை அவர்களைக் கடந்து போய்விடுகிறது.

வியாழக்கிழமை காலையும் ஒரு முழுப் பாக்கெட், இருநூறு மில்லி. கைப்பையில் அம்பு ஸ்டிக்கர் பட்டை இருந்தது. தொழிற்சாலைப் பொருளை வெளியே கொண்டுவரக் கூடாது, ஆனால் பையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து, பாட்டிலில் திரவம் நிற்கிற மட்டத்துக்கு நேராக ஒட்டினேன். எவ்வளவு குடித்தாள் என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா பாட்டிலை வாங்கினாள். அம்பைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

அன்று முழுவதும் என் கண்ணுக்கு எல்லாச் சட்டையும் ஷேடு மாறியதாகவே தெரிந்தது. நல்ல சட்டைகள் பதினெட்டை ஒதுக்கிவிட்டேன் என்று சூப்பர்வைசர் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து மேசைக்காரி குனிந்து, "பால நிறுத்திப் பாரு. எங்கக்கா புள்ளைக்கு ரெண்டு நாள் பால நிறுத்தினதும் டக்குனு நின்னுச்சு" என்றாள்.

மாலை ஐந்தேகாலுக்கு அக்கா வீட்டு வாசலில் நின்று பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காலையில் நான் கொடுத்தது அடர்ந்த ஆரஞ்சு. இப்போது வெளுத்த மஞ்சள். அது மட்டுமல்ல, திரவம் அம்புக்கு மேலே நின்றது. ஒரு விரல்கடை மேலே.

குடித்தால் குறையும். ஏறாது. தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

கையும் களவுமாகப் பிடித்தபோது வருகிற அந்தச் சூடு உடம்பில் பரவியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது முழுக்கக் கோபமில்லை. பாதி சந்தோஷம். நான் நினைத்தது சரி என்கிற சந்தோஷம். என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது எனக்குள் அப்படி ஒன்று எழுந்தது.

"மருந்துல தண்ணி ஊத்தியிருக்கீங்க."

"ஆமா."

மறுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். 'ஆமா' என்றதும் எனக்குக் குரல் எகிறியது.

"எவ்வளவு தைரியம் உங்களுக்கு! எம்புள்ள மூணு நாளா வத்திப்போறா, நீங்க மருந்தக் கரைச்சு வெறுந்தண்ணியாக் குடுக்குறீங்க! மிச்ச மருந்தை என்ன செஞ்சீங்க?"

"நீங்க காலையில கலந்தத ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்தீங்களாம்மா?"

"எனக்குப் பாடம் நடத்தாதீங்க."

படிக்கட்டில் மூன்றாம் மாடி டீச்சர் நின்றுகொண்டிருந்தாள், மகனைக் கூட்டிப்போக வந்தவள். அவள் கேட்கிறாள் என்று தெரிந்ததும் என் குரல் இன்னும் ஏறியது. "டீச்சர், உங்க பையனையும் நல்லாப் பாத்துக்குங்க. இங்க என்ன குடுக்குறாங்க, என்ன கலக்குறாங்கன்னு யாருக்கும் தெரியாது. இவளுக்கு இங்கதான் வந்துச்சு."

அந்தப் பையன் என் காலடியில் ஒரு செருப்பை உருட்டிக்கொண்டிருந்தான். அவனும் அதே வீட்டில் அதே சோற்றைத் தின்கிறவன்தான். அவனுக்கு ஒரு கேடும் இல்லை. அது என் கண் முன்னாலேயே இருந்தது, ஆனால் அங்கே அம்பு ஒட்ட எனக்குத் தோன்றவில்லை.

டீச்சர் மகனைத் தூக்கிக்கொண்டாள். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒன்னுக்கு அஞ்சு தடவை போயிருக்கா" என்றாள் என்னிடம். "அழுதப்போ கண்ணுல தண்ணி வந்துச்சு. அத மட்டும் மனசுல வெச்சுக்குங்க." பிறகு குழந்தையின் பையைத் திண்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். இன்று என் கை மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டேன். பாட்டிலை நானே கொதிக்கவைத்தேன், நானே கலந்தேன். அடர்ந்த ஆரஞ்சு. பாலையும் நிறுத்தினேன். அவள் மார்பில் முட்டி முட்டி அழுதபோது பாட்டிலை வாயில் வைத்தேன். முதலில் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். பிறகு தாகம் தாங்காமல் இழுத்துக் குடித்தாள். ஆவலாகக் குடிக்கிறாள், மருந்து பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு பாட்டில் முடிந்து இன்னொன்று கலந்தேன். பத்தரை மணிக்குள் நான்கு தடவை போய்விட்டாள். நேற்றையதை விடத் தண்ணீராக.

துணி துவைக்க எடுத்தபோது என் கணவரின் வேலைச் சட்டைப் பையில் ஒரு மாத்திரைப் பட்டை கிடைத்தது. வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரை, பெரியவர்களுக்கானது. மூன்று குழி காலி.

பட்டையோடு தரையில் உட்கார்ந்தேன். அக்கா இல்லை, இவர். நான் சொல்லச் சொல்லச் சிரித்தது இதனால்தானா? எனக்குத் தெரியாமல் பொடித்துக் கொடுத்துவிட்டாரா? போன் செய்தேன்.

"உங்க பையில மாத்திரை இருக்கு. உருண்டைக்குக் குடுத்தீங்களா?"

பின்னால் இரும்பு இடிக்கும் சத்தம். "என்னது? பைத்தியமா உனக்கு? அது எனக்கு."

"உங்களுக்கு எதுக்கு?"

"எதுக்குன்னா... எனக்குப் போகுது. ஞாயித்துக்கிழமைலேர்ந்து."

"ஞாயித்துக்கிழமைலேர்ந்தா! எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எதைச் சொல்றது? பன்னெண்டாவது மாடிக்கும் பதிமூணாவது மாடிக்கும் நடுவுல கயித்தப் புடிச்சுத் தொங்குறப்ப வந்துச்சுன்னு ஊரக் கூட்டிச் சொல்லணுமா? கூட வேலை செய்யறவனுங்க ஏற்கெனவே எனக்கு 'எக்ஸ்பிரஸ்'னு பேரு வெச்சுட்டானுங்க."

ஞாயிற்றுக்கிழமை. குழந்தைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு. பழத் துண்டை ஊட்டிய விரல்கள் என் கண் முன் வந்தன. ஒரு டயப்பருக்கு அக்கா கை கழுவிய நேரத்தை எண்ணியவள், என் வீட்டுக் கழிவறையிலிருந்து வெளியே வந்த கையை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

போனை வைத்தபோது குழந்தை ஒரு மாதிரி அழுதாள். கிறீச்சென்ற, உலர்ந்த அழுகை. தூக்கினேன். உடம்பு சுட்டது. உதடு வெடித்திருந்தது. வாய் திறந்து அழுகிறாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சமாதானம் செய்ய எடுத்தால் விறைத்துக்கொண்டு முதுகை வளைக்கிறாள், கீழே விட்டால் துவள்கிறாள். டயப்பர் எப்போது கடைசியாக நனைந்தது? சிறுநீரில், மலத்தில் அல்ல. யோசித்தேன். காலையில் மாற்றியதிலிருந்து தண்ணீராகப் போனதை மட்டும்தான் எண்ணியிருந்தேன். இன்னொரு எண்ணிக்கை என்னிடம் இல்லவே இல்லை.

அவள் பாட்டிலைப் பார்த்துக் கையை நீட்டினாள். எடுத்துக் கொடுக்கப் போனேன். ரப்பரிலிருந்து ஒரு சொட்டு அவள் வெடித்த உதட்டில் விழுந்ததும் சுட்டது போல் அலறினாள்.

அப்போதுதான் நான் அதை என் வாயில் வைத்தேன். உப்பு. நாக்கில் ஒட்டி, தொண்டையில் இறங்காமல் குமட்டுகிற உப்பு. இதைத்தான் காலையிலிருந்து இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறேன். கேட்டுக் கேட்டுக் குடித்தது மருந்து பிடித்ததால் அல்ல. உப்பு கொடுத்த தாகம், அதைத் தீர்க்க மறுபடியும் உப்பு.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். போட்டுக்கொண்டுதான் ஓடினேன். அக்காவின் மூடிய கதவைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டேன். அந்த அவசரத்திலும் அதற்கு எனக்கு நேரம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். குழந்தையின் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். உச்சந்தலையைத் தடவினாள், நாக்கைப் பார்த்தாள். கை வேலை செய்துகொண்டே இருக்க, கேள்விகள் வந்தன. இரத்தம் போனதா? இல்லை. வாந்தி? ஒரு தடவை. ஒன்றுக்கு எத்தனை தடவை?

"தெரியல டாக்டர்."

"நேத்து?"

"அஞ்சு." அது அக்காவின் நீலக் கிளிப்புகள். என்னுடையதல்ல.

"நேத்து அஞ்சுன்னா நேத்து பரவாயில்லாம இருந்திருக்கா. இன்னிக்கு என்ன ஆச்சு? என்ன குடுத்தீங்க?"

"உப்புச் சர்க்கரைத் தண்ணி."

"எப்படிக் கலந்தீங்க?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் என் கணவர் வேலை உடையோடு மூச்சிரைக்க வந்து என் பின்னால் நின்றார். "ஒரு பாக்கெட், இருநூறு மில்லியில" என்றேன்.

டாக்டரின் கை நின்றது. நர்ஸ் பக்கம் திரும்பி இரத்தம் எடுக்கச் சொன்னாள், உப்பு அளவு உடனே வேண்டும் என்றாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"படிக்கலையா பாக்கெட்டுல?"

"படிச்சேன். மொத நாள் லிட்டர்லதான் கலந்தேன். நிக்கல. அதனால..."

"நிக்காதும்மா. அது வயித்துப்போக்க நிறுத்துற மருந்தே இல்ல. போறது அஞ்சாறு நாள் போய்த் தானா நிக்கும். வெளிய போற தண்ணியையும் உப்பையும் அதே அளவுல உள்ள திருப்பி வெக்கத்தான் இது. அளவு கூடுச்சுன்னா உடம்புல இருக்கற தண்ணியையும் சேத்து வெளிய இழுத்துடும். பால் குடுக்குறீங்கல்ல?"

"இன்னிக்கு நிறுத்திட்டேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

என் கணவர் விட்டத்தைப் பார்த்தார். அங்கே லிஃப்ட் எதுவும் இல்லை. "எனக்கு, டாக்டர்."

"நல்ல குடும்பம்" என்றாள் டாக்டர். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இந்தச் செறிவுல எத்தனை நாளாக் குடுத்தீங்க?"

"மூணு நாள். புதன், வியாழன், இன்னிக்கு."

"இருக்காது. மூணு நாள் இப்படிக் குடிச்சிருந்தா நேத்தே வலிப்பு வந்திருக்கும். ஒன்னுக்கு அஞ்சு தடவை போயிருக்க மாட்டா. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றும் இல்லை. வெளுத்த மஞ்சள், அம்புக்கு மேலே ஒரு விரல்கடை. "ரெண்டு நாள் அதுல... ஒருத்தங்க தண்ணி கலந்துட்டாங்க" என்றேன்.

"யாரு?"

"பாத்துக்கிறவங்க."

"அவங்களுக்கு நன்றி சொல்லுங்க" என்று டாக்டர் எழுதத் தொடங்கினாள். அவளைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டது.

குழந்தையை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஏறிய உப்பை மெதுவாகத்தான் இறக்க வேண்டும், சட்டென்று இறக்கினால் மூளைக்கு ஆபத்து என்று சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்த ஊசி சுத்தமானதுதானா, இந்த நர்ஸ் அளவைச் சரியாக வைத்தாளா என்று மனம் ஓடியது. சந்தேகம் என்பது எச்சரிக்கை, எச்சரிக்கை என்பது தாய்மை என்று நான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். என் சந்தேகம் போகாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. என் கை.

சனிக்கிழமை மதியம் அவள் டயப்பர் கனத்தது. நர்ஸ் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒன்னுக்குப் போயிட்டாங்க மகாராணி!" என்று வார்டுக்கே கேட்கச் சொன்னாள். எதிர்க்கட்டில் தகப்பன் ஒருவர் கை தட்டினார். நான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். பால் கொடுக்கலாம், சாப்பாடு கொடுக்கலாம், துத்தநாக மருந்து பதினாலு நாள். பாக்கெட் என்றால் லிட்டர், மிஞ்சியதை மறுநாள் கொட்டிவிட வேண்டும். கண் உள்ளே போனாலோ, எழுப்பினால் எழாமல் கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் போனாலோ, ஆறு மணி நேரம் டயப்பர் நனையாவிட்டாலோ உடனே வர வேண்டும். நர்ஸ் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். எழுதியதை வாங்கி அவள் சரிபார்த்தாள். அது எனக்குத் தேவையாக இருந்தது.

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டுக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா திறந்தாள். உள்ளே கொடிக்கயிறு காலியாக இருந்தது. வழக்கமாகச் சிதறிக் கிடக்கும் பொம்மைகளும் இல்லை.

"எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா. அக்கா, நான்..."

"தெரியும். உங்க வீட்டுக்காரர் நேத்து துணி எடுக்க வந்தப்ப சொன்னாரு."

நின்றேன். அவள் உள்ளே கூப்பிடவில்லை.

"கண்ணீரை விட உப்பா இருக்கக் கூடாதுன்னு எனக்கு மொத மொத வேலைக்குச் சேந்த வீட்ல சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். "நீங்க குடுத்து விட்டது வாயில வெக்க முடியல. ஜாடியில ஊத்தி ஒரு லிட்டர் ஆக்கினேன். புதன்கிழமை சொல்ல வந்தேன். நீங்க விடல."

"வியாழக்கிழமையாவது சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"அம்பு ஒட்டி அனுப்பினீங்க. அதுக்கப்புறம் எங்க சத்தம் போடறது? அதுக்குத்தான் வேணும்னே அம்புக்கு மேல ஊத்தி வெச்சேன். ஏன் ஏறியிருக்குன்னு கேப்பீங்க, அப்ப சொல்லலாம்னு. நீங்க கேக்கல. தீர்ப்பு சொன்னீங்க."

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடுங்க அக்கா."

"எங்கிட்ட தனியா வந்து சொல்லி என்ன ஆகப் போகுது? வெள்ளிக்கிழமைலேர்ந்து டீச்சர் பையன அனுப்பல. ரெண்டாவது மாடியில புதுசா ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, அவங்களும் வேண்டாம்னுட்டாங்க. நீங்க பேசினது இந்தக் கதவுக்குள்ள இல்ல. படிக்கட்டுல." கதவை அவள் சாத்தவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உணர்ந்தேன். கழுவுதொட்டி, அதன் ஓரம், கவிழ்த்து வைத்த ஜாடி. மன்னிப்புக் கேட்கிற வேளையிலும் என் கண் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இது போகாது. இதோடுதான் நான் ஏற வேண்டும்.

மூன்று மாடி ஏறினேன். டீச்சர் கதவைப் பாதி திறந்தாள்.

"ஐயோ, பாப்பா எப்படி இருக்கா? நீங்க மட்டும் அன்னிக்குச் சொல்லலன்னா எங்க பையனும்..."

"அக்கா மேல தப்பில்ல, டீச்சர். நான் சொன்னது தப்பு."

அவள் புருவம் சுருங்கியது. என் தோளுக்கு மேலே படிக்கட்டைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தம்மா வந்து ஏதாவது மெரட்டினாங்களா?"

"இல்ல."

"பயப்படாதீங்க. உங்கள இப்படிச் சொல்லச் சொன்னாங்களா? என்கிட்ட சொல்லலாம்."

எனக்கு அந்த முகம் தெரியும். மூன்று நாள் நான் போட்டுக்கொண்டிருந்த முகம். நான் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறொன்றைத் தேடப்போகிற முகம். 'மன்னிப்பு', 'தவறான புரிதல்' என்று மேலே தெளித்துவிட்டுப் போனால் அது இன்னும் கூர்மையாகும். இவளுக்குச் சாட்சி வேண்டும். என்னிடம் இருந்த சாட்சி நான் மட்டும்தான்.

"நான் பாக்கெட்டப் படிச்சேன், டீச்சர்" என்று தொடங்கினேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன், கீழே கேட்கும்படி. "ஒரு லிட்டர்னு போட்டிருந்துச்சு. தெரிஞ்சேதான் இருநூறு மில்லியில கலந்தேன்."

"தெரிஞ்சேவா? யாராவது பெத்த பிள்ளைக்கு..."

"தெரிஞ்சேதான்."

இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டீச்சரின் பையன் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அவள் அவனைச் சட்டென்று பின்னால் இழுத்தாள். இந்தத் தடவை என்னிடமிருந்து.

"எத்தனை பாட்டில்?" என்று கேட்டாள்.

"புதன்கிழமை ஒன்னு. வியாழக்கிழமை ஒன்னு. அந்த ரெண்டையும் அக்கா சரி பண்ணிட்டாங்க" என்றேன். "வெள்ளிக்கிழமை ரெண்டு. அன்னிக்கு வீட்ல நான் மட்டும்தான் இருந்தேன்."